காடும் கலமும்: கொட்டியாற்றுக் குடாவின் இளவேனில்

ஈழத்தின் கீழைக்கரையில் இளவேனில் என்பது இலக்கிய மரபு மட்டுமன்று; கடற்றொழில் தொடங்கும் காலமுமாகும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாரியில் கடல் கொந்தளிக்கும்; வள்ளங்கள் கரையேற்றப்படும். பங்குனி பிறந்ததும் கடல் அமைதியுறும். மழையுண்ட காடு துளிர்க்கும். பலகை மாற்றி, பொருத்துகளை அடைத்து, எண்ணெய் பூசிக் கலங்களைச் செப்பமிடும் பணி கரையெங்கும் நிகழும். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குகையில் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களின் மீனவரும் இங்கு வந்து வாடியமைப்பது நெடுங்கால வழக்கமாகும். கிண்ணியா, மூதூர் ஆகியவற்றை அணைந்து கிடக்கும் கொட்டியாற்றுக் குடாவின் வரலாற்றில் இப்பணிக்குத் தனியிடமுண்டு.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலிற் சிக்கிய 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் தன் நடுப்பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரம் நாட்டவும் அதுவரை வணிகம் செய்யவும் அது கொட்டியாற்றுக்கே அனுப்பப்பட்டது. அங்கு 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பிச் சென்று, 1681இல் இலங்கை பற்றிய நூலை வெளியிட்டார். பலரும் அறிந்த அந்நூலின் பின்னணியில் ஒரு கலத்தைப் பழுதுபார்க்கும் தேவை இருந்தமை நோக்கற்பாலது.

இப்பகுதிக் காட்டு மரங்களுட் சிறந்தது சவண்டலை. மேனாட்டார் இதனைத் 'திருக்கோணமலை மரம்' என்றே அழைத்தனர். பாரங்குறைந்தும் உறுதி மிகுந்தும் உள்ள இம்மரம் பெருமளவில் சென்னைக்கு ஏற்றுமதியாயிற்று என்பது 19ஆம் நூற்றாண்டு நூல்களால் அறியப்படும். சென்னையில் அந்நாளில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகுகளே மக்களையும் பொருள்களையும் அலைகடந்து கரைசேர்த்தன. ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட அப்படகுகள் அலையின் மோதலுக்கு நெகிழ்ந்து கொடுத்தன. அவற்றுக்குச் சவண்டலைப் பலகை பயன்பட்டது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றனை அடுத்த காடு, துறைமுகமற்ற நகருக்குப் படகு தந்தது எனலாம்.

இன்று கண்ணாடியிழைப் படகுகள் மரவள்ளங்களின் இடத்தைப் பெரிதும் பெற்றுவிட்டன. ஆயினும் கலத்தைக் காலமறிந்து செப்பமிடும் கடமை மரத்தோடு மறைவதன்று. கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், பாலம் புதிதாக அமைக்கப்பட்டு வந்த காலத்தில் மக்கள் மிதவையொன்றில் களப்பைக் கடந்தனர். 2021 நவம்பர் 23ஆம் நாள் காலையில் அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் உயிரிழந்தனர். புயலில் ஒடிந்த பாய்மரத்துக்கு மாற்றுத் தேடிக் கடலோடிகள் வந்த குடாவின் அயலில், ஆழமற்ற களப்பைக் கடக்கவும் செப்பமான கலம் கிடைக்கவில்லை.

கடலுக்கு அஞ்சியே முன்னோர் இளவேனிலிற் கலம் திருத்தினர். குறுகிய நீர்ப்பரப்பென்று அவ்வச்சத்தைக் கைவிடுதல் தகாது. மாரியில் ஏறுவோரின் உயிர், இளவேனிலிற் செய்யும் பணியிலேயே தங்கியுள்ளது.