கிறிம் சகோதரரும் ஜேர்மன் அகராதியும்

1802இல் மார்பேர்க் சர்வகலாசாலையை அடைந்த யாக்கோப் கிறிம் கற்கச் சென்றது சட்டம். ஜேர்மானிய மொழிகளைக் கற்றுச் சீவனம் நடத்தலாம் என்று எண்ணுதற்கு அக்காலத்தில் இடமிருக்கவில்லை; அத்துறைக்குரிய ஆசிரியப் பதவிகளே அரிதாயிருந்தன. ஆயினும், சட்ட ஆசிரியர் சாவினியின் வீட்டு நூலகத்திற் கண்ட பழைய ஜேர்மன் கவிதைகள் அவர் மனத்தைக் கவர்ந்தன.

பின்னர் காசெல் நகர நூலகத்தில் உத்தியோகம் கிடைத்தது. ஊதியம் சிறிது; ஓய்வு பெரிது. அவ்வோய்விலேதான் அவருடைய ஜேர்மன் இலக்கணம் உருவாயிற்று. தமிழரும் அறிந்த ‘பிதா’ என்னும் வடசொல்லுக்கு உறவான இலத்தீன் சொல் ‘பாத்தர்’, ஆங்கிலத்திலோ ‘ஃபாதர்’. பகரம் இவ்வாறு திரிந்தது தற்செயலன்று, ஓர் ஒழுங்கின்பாற்பட்டது என்பதை 1822இல் வந்த இரண்டாம் பதிப்பு காட்டியது. டென்மார்க்கு அறிஞர் ராஸ்க் இதனை முன்னரே உணர்ந்திருந்தார். விதியோ கிறிமின் பெயரையே பெற்றது.

1830இல் அவர் கெற்றிங்கனிற் பேராசிரியரானார். 1837இல் ஹனோவர் மன்னர் அரசியல் யாப்பை நீக்கியபோது, அந்த யாப்புக்குத் தாம் செய்த சத்தியத்தை மீற மறுத்த பேராசிரியர் எழுவரில் யாக்கோப்பும் தம்பி வில்ஹெல்மும் இருந்தனர். எழுவரும் பதவி இழந்தனர். யாக்கோப் மூன்று நாளில் நாட்டைவிட்டு நீங்க வேண்டியதாயிற்று.

தொழிலற்றிருந்த அச்சகோதரரிடமே இலைப்சிக் பதிப்பாளர் ஜேர்மன் அகராதிப் பணியை ஒப்படைத்தனர். முதலாந் தொகுதி 1854இல் வெளிவந்தது. 1863இல் யாக்கோப் இறந்தபோது, ‘கனி’ எனப் பொருள்படும் ‘ஃபுறுக்ற்’ என்ற சொல்லின் விளக்கம் முடிவுறாதிருந்தது. பின்வந்த அறிஞர் பலர்க்கு அவ்வகராதியே வாழ்நாள் உத்தியோகமாயிற்று. 1961இல் அது நிறைவெய்தியபோது, அதற்கென உழைத்த நிலையங்களுள் ஒன்று கெற்றிங்கனில் இருந்தது.