628 அடிச்ச பையன்

சம்பா அறுவடை முடிஞ்சு வயல் சும்மா கிடக்கு. சாயங்காலம் ஆனா ஊர்ப் பசங்க எல்லாம் அங்கேதான். கருவேலங்குச்சி மூணுதான் ஸ்டம்பு. வாய்க்கால் பக்கம் கிட்டக்க இருக்கறதால அங்கே போனா ரெண்டு ரன்தான். மேட்டுப் பக்கம் எல்லையே கிடையாது, எவ்வளவு வேணும்னாலும் ஓடிக்கலாம்.

போன வாரம் கணக்குல சண்டை. ஒருத்தன் அம்பத்தாறுங்கறான், இன்னொருத்தன் நாப்பத்தொம்பதுங்கறான். வரப்புல உட்கார்ந்திருந்த என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டாங்க. அப்போ அவங்களுக்குச் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் எழுதறேன்.

1899-ஆம் வருஷம். இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரத்துல கிளிஃப்டன் கல்லூரி. பேருதான் கல்லூரி, அன்னிக்கு அது ஆம்பளைப் பசங்க படிச்ச பள்ளிக்கூடம். பசங்களை ஹவுஸ் ஹவுஸா பிரிச்சு அவங்களுக்குள்ளேயே போட்டி வைப்பாங்க. ஜூன் 22, வியாழக்கிழமை. கிளார்க்ஸ் ஹவுஸுக்கும் நார்த் டவுனுக்கும் சின்னப் பசங்க மேட்ச். கிளார்க்ஸ் ஹவுஸ் சார்பா முதல்ல மட்டையோட இறங்கினவன் ஏ.ஈ.ஜே. காலின்ஸ். வயசு 13.

அவன் பிறந்தது நம்ம நாட்டுலதான், இன்னிக்கு ஜார்க்கண்டுல இருக்கற ஹசாரிபாக்ல. அப்பா இந்திய சிவில் சர்வீஸ்ல நீதிபதி. கிளிஃப்டன்ல சேர்றப்பவே அந்தப் பையனுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

அந்த மைதானமும் நம்ம வயல் மாதிரிதான். ஒரு பக்கம் எல்லை ரொம்பக் கிட்ட, அங்கே அடிச்சா ரெண்டு. மத்த பக்கமெல்லாம் ஓடித்தான் எடுக்கணும். முதல் நாள் முடிவுல காலின்ஸ் 200. மறுநாள் 509. அதுவரைக்கும் ஸ்டாடர்ட் 1886-ல அடிச்ச 485தான் உலகத்திலேயே அதிகம். அதைத் தாண்டினதும் விஷயம் ஊரெல்லாம் பரவி, வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துடுச்சு.

ஆட்டமெல்லாம் மதியத்துக்கு மேலதான், அதனால அவன் பேட்டிங் மட்டும் நாலு நாள் இழுத்துது. மொத்தம் 6 மணி 50 நிமிஷம். கடைசி விக்கெட்டுக்கு ரெட்ஃபெர்ன்னு ஒரு பையன் கூட நின்னான். அவன் எடுத்தது வெறும் 13. ஆனா ரெண்டு பேருமா சேர்த்தது 183. அவன் அவுட் ஆனப்போ அணி 836, காலின்ஸ் 628, நாட் அவுட்.

கணக்கும் இருக்கு: ஒரு ஆறு, 4 அஞ்சு, 31 நாலு, 33 மூணு, 146 ரெண்டு, 87 ஒண்ணு. கூட்டிப் பாருங்க, சரியா வரும். ஆனாலும் ஸ்கோர் எழுதினவரே இருபது முன்னே பின்னே இருக்கலாம்னு சொன்னதா ஒரு பேச்சு உண்டு. கிளிஃப்டன்லயே அப்படின்னா, நம்ம ஏழு ரன் சண்டை எந்த மூலைக்கு?

"அப்புறம் அவன் இங்கிலாந்து டீமுக்கு ஆடினானா பெரியப்பா?"ன்னான் ஒருத்தன்.

இல்லைப்பா. முதல்தர ஆட்டம் ஒண்ணுகூட ஆடலை. பட்டாளத்துல சேர்ந்தான், ராயல் இன்ஜினியர்ஸ்ல கேப்டன் ஆனான். 1914 நவம்பர் 11, பெல்ஜியத்துல ஈப்ர போர்முனையில செத்துப்போனான். 29 வயசு. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகலை. உடம்பு கிடைக்கலை, மெனின் கேட் நினைவுச் சின்னத்துல பேர் மட்டும் இருக்கு. அவன் தம்பியும் 1917-ல அதே போர்ல போயிட்டான். தலைமுறையே அப்படி. மைதானத்துல ஓடின காலெல்லாம் பதுங்குகுழிச் சேத்துல போய் நின்னுது.

அவன் ரன் 116 வருஷம் நின்னுது. 2016 ஜனவரியில மும்பை பக்கம் கல்யாண்ல பிரணவ் தனவாடேங்கற ஆட்டோ ஓட்டுநர் மகன், பள்ளி மேட்ச்ல 1009 அடிச்சு அதைத் தாண்டினான்.

பசங்க வாயைப் பொளந்து கேட்டுட்டிருந்தாங்க. ஓரமா ஒரு பொடியன். எப்பவும் மேட்டுப் பக்கம் நிறுத்தி வச்சுப் பந்து பொறுக்க விடுவாங்க. இவன் முறை வர்றதுக்குள்ள இருட்டிடும். அவன் கேட்டான்: "அந்த இன்னொரு டீம் பேட்டிங் ஆடுச்சா மாமா?"

இவ்வளவு வருஷத்துல எனக்கே அந்தக் கேள்வி தோணலை. ஆடினாங்கடா. முதல் தடவை 87, ரெண்டாவது தடவை 61. காலின்ஸே 11 விக்கெட் எடுத்தான். தோல்வி ஒரு இன்னிங்ஸும் 688 ரன்னும். ஆனா நாலு நாளா பந்து பொறுக்கின பசங்க, மட்டையை எடுத்துட்டு வந்து ஆடிட்டுத்தான் போனாங்க.

மறுநாள் நானே போய், முதல் பேட்டிங் பொடியனுக்குன்னு சொல்லிட்டேன். நாலு ரன் எடுத்தான். அந்தக் கணக்குல யாருக்கும் சண்டை வரலை.