வளைக்குத்தான் பேரு

வரப்புல நண்டு வளை விழுந்தா விவசாயி உடனே மிதிச்சு அடைச்சிடுவான். விட்டா, விடியுறதுக்குள்ள தண்ணி பக்கத்து வயலுக்குப் போயிடும். அதே மாதிரி வளைங்க இங்கிலாந்துல ஏழெட்டுக் கோடி வருசமா அழியாமக் கிடக்குதுன்னா நம்புவீங்களா?

அந்நாட்டின் தெற்கிலும் கிழக்கிலும் இருக்கும் வெள்ளைப் பாறைக்கு சாக் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத கடல்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் கடலடியில் சேறாகப் படிந்து இறுகியது. அந்தச் சேற்றில் நண்டு, இறால் வகை உயிர்கள் கவட்டை கவட்டையாய் வளை தோண்டின. தோண்டியவற்றின் உடல் பெரும்பாலும் மிஞ்சவில்லை. வளை மிஞ்சியது. ஆய்வாளர்கள் அதற்குத் தலாசினாய்டஸ் என்று பேர் வைத்தார்கள். பேரு வளைக்குத்தான், தோண்டின உயிருக்கு இல்லை.

கடற்பஞ்சுகளிலிருந்து கரைந்த சிலிக்கா அந்த வளைகளில் சேர்ந்து இறுகியது. அதுதான் சிக்கிமுக்கிக் கல். பல கற்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி முண்டும் கிளையுமாய் இருப்பது இதனால்தான்.

பிரிட்டனின் முதல் விவசாயிகள் காடு திருத்தப் பிடித்த கோடாலிகளில் பல இந்தக் கல்லில் செய்தவை. நார்ஃபோக்கில் கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற இடத்தில், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன், மான் கொம்பால் சாக்கைக் குடைந்து கல் எடுத்திருக்கிறார்கள். 400-க்கும் மேற்பட்ட குழிகள்; சில 10 மீட்டருக்கும் ஆழம். வில்லியம் கிரீன்வெல் என்ற பாதிரியார் 1868 முதல் 1870 வரை தோண்டிப் பார்த்த பிறகே அவை சுரங்கங்கள் என்று தெரிந்தது.

சேற்றைக் குடைந்ததும், பாறையைக் குடைந்தவங்களும் பேர் விட்டுட்டுப் போகல. குழி மட்டும் நிக்குது.