எண்ணெயும் முள்ளும்: ஸ்போர்ட்ஸ் காரின் டேஷ்போர்டு குறித்து

ஸ்போர்ட்ஸ் கார்களின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவோ வடிவழகின் வரலாறாகவோதான் எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஓட்டுநரின் கண்ணெதிரே வரிசையாக நிற்கும் வட்டமானிகள் அந்த வரலாறுகளில் அலங்காரப் பொருள்களாகவே இடம்பெறுகின்றன. எஞ்சினுக்குள் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது, அது எந்த அழுத்தத்தில் ஓடுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடையை யார் அறிந்திருக்க வேண்டும் என்பது நூறாண்டுகளுக்கு மேலாக நீடிக்கும் ஒரு வழக்கு. ஓட்டுநர், உற்பத்தியாளர், பழுதுபார்க்கும் பணிமனை என மூன்று தரப்பினர் அதில் உண்டு. வழக்கின் சாட்சியங்கள் டேஷ்போர்டிலேயே இருக்கின்றன.

டேஷ்போர்டு என்ற சொல் குதிரைவண்டிக் காலத்தது. குதிரையின் குளம்படியில் தெறிக்கும் சேறு வண்டியோட்டியின் மீது படாமல் தடுக்க முன்புறம் பொருத்தப்பட்ட பலகைக்கு அதுவே பெயர். குதிரை போய் எஞ்சின் வந்த பின்னும் பலகை நின்றது. அதன்மேல் முதலில் ஏறிய கருவிகளுள் ஒன்று எண்ணெய் சொட்டும் பித்தளைப் பெட்டி. அதன் கண்ணாடிக் குழாய்களின் வழியே எண்ணெய் துளித்துளியாக விழுவதை ஓட்டுநர் பார்த்துக்கொண்டே வருவார். ஏற்றம் வந்தால் துளிகளின் வேகத்தைக் கூட்டுவார். எஞ்சினுக்குள் சென்ற எண்ணெய் எரிந்தோ ஒழுகியோ தீர்ந்துபோகும், திரும்பி வராது. அந்தக் கட்டத்தில் எண்ணெயைக் கண்காணிப்பது ஓட்டுதலிலிருந்து பிரிக்க முடியாத வேலையாக இருந்தது.

1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி அந்த வேலையைச் சாலையிலிருந்து நீக்கி, வண்டி நிற்கும் இடத்துக்கு மாற்றியது. அதன் எண்ணெய் எஞ்சினின் அடிப்பகுதியிலேயே தங்கி, சுழலும் உறுப்புகளால் வாரி இறைக்கப்பட்டது. டேஷ்போர்டில் எண்ணெய்க்கென்று எந்த மானியும் இல்லை. எஞ்சினின் அடிப்பகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சிறு குழாய்த் திருகுகள் மட்டும் இருந்தன. உரிமையாளர் குனிந்தோ படுத்தோ கையை நீட்டி மேல்திருகைத் திறக்க வேண்டும். எண்ணெய் வந்தால் நிறைவாக இருக்கிறது. கீழ்த்திருகிலும் வராவிட்டால் உடனே ஊற்ற வேண்டும். சட்டை அழுக்காகும், ஆனால் கிடைத்த விடையில் ஐயமில்லை. பின்னர் வந்த டிப்ஸ்டிக் இதே நேர்மையைச் சட்டை அழுக்காகாமல் தந்தது. துடைத்து, செருகி, உருவிப் பார்க்கும் அந்தக் கம்பியைவிட எளிய அளவுக்கருவி மோட்டார் வரலாற்றில் அரிது.

எண்ணெயைப் பம்பினால் உந்தி பேரிங்குகளுக்குச் செலுத்தும் முறை பரவியதும் இரண்டாவது கேள்வி எழுந்தது. இருப்பு தெரிந்தால் மட்டும் போதாது, அழுத்தமும் தெரிய வேண்டும். அதற்கான கருவி ஏற்கெனவே நீராவி எஞ்சின்களுக்காகக் காத்திருந்தது. பாரிசைச் சேர்ந்த யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற வளைகுழாய்தான் அது. உள்ளே அழுத்தம் ஏறினால் வளைந்த குழாய் சற்றே நிமிரும். அந்த நிமிர்வு முள்ளை நகர்த்தும். பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் எஞ்சினின் சூடான எண்ணெயே மெல்லிய குழாய் வழியாக டேஷ்போர்டு வரை வந்து முள்ளை அசைத்தது. ஓட்டுநருக்கும் எஞ்சினுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் எவரும் இல்லை. குழாய் வெடித்தால் கால்சட்டை நனையும் என்பது அதற்கான விலை.

இந்த முள்ளை வாசிக்கப் பயிற்சி தேவைப்பட்டது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியானது. எனவே காலையில் முள் உயரே நிற்கும். எஞ்சின் சூடேறிய பின் ஐட்லிங்கில் அதே முள் வெகுவாகத் தாழும். எஞ்சினின் சுழற்சி ஆயிரம் கூடும்போது சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தம் கூட வேண்டும் என்பது மெக்கானிக்குகளிடையே வழங்கிய கைக்கணக்கு. ஆக முள் எங்கே நிற்கிறது என்பதைவிட, எந்தச் சூட்டில், எந்தச் சுழற்சியில் அங்கே நிற்கிறது என்பதே பொருளுடையது. நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வழக்கத்தைவிட ஐந்து பிஎஸ்ஐ குறைந்தாலே பேரிங் தேய்கிறது என்ற ஐயம் எழும். புதியவருக்கு அதே அசைவு வெறும் கலக்கத்தைத்தான் தரும்.

அழுத்தமானி எண்ணெயின் இருப்பைச் சொல்லாது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். தேவையான எண்ணெயில் ஒரு லிட்டர் குறைந்திருந்தாலும், பம்பின் உறிஞ்சுவாய் மூழ்கியிருக்கும்வரை அழுத்தம் இயல்பாகவே இருக்கும். சாதாரண காரில் இந்த ஏமாற்றம் நெடுநாள் வெளிப்படாமல் போகலாம். ஸ்போர்ட்ஸ் காரில் அப்படியில்லை. வளைவில் பக்கவாட்டு விசை புவியீர்ப்பு விசைக்குச் சமமானால், எஞ்சினின் அடித்தொட்டியில் இருக்கும் எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்துவிடும். எண்ணெய் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்க, உறிஞ்சுவாய் காற்றைக் குடிக்கும். அழுத்தமுள் ஒரு கணம் சரியும். அந்த ஒரு கணம் பேரிங்குகளுக்குப் போதுமானது. ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர்கள் எண்ணெயின் அளவை அடிக்கடி பார்ப்பதற்குப் பின்னால் இருப்பது இந்த இயற்பியலே.

போர்ஷே 911 இதற்குத் தந்த தீர்வு டிரை சம்ப் என்னும் முறை. எண்ணெயை எஞ்சினுக்கடியில் தேங்கவிடாமல் உறிஞ்சி, தனியே ஒரு தொட்டியில் சேமித்து, அங்கிருந்து பம்புக்குத் தருவது. சந்தைக்கு வந்த 1964ஆம் ஆண்டு முதலே 911 இம்முறையைக் கொண்டிருந்தது. அதன் டேஷ்போர்டில் ஐந்து வட்டங்கள். நடுவில் பெரியது எஞ்சின் சுழற்சிக்கு. மீதி வட்டங்களில் எண்ணெயின் அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றோடு அதன் அளவுக்கும் தனி முள் ஒன்று ஒதுக்கப்பட்டது. காற்றால் குளிரூட்டப்படும் எஞ்சினில் எண்ணெயே பாதிக் குளிர்விப்பான்; ஏறத்தாழ 9 லிட்டர் எண்ணெய் சுமக்கும் காருக்கு இந்த அக்கறை இயல்பானது.

ஆனால் அந்த அளவுமுள்ளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. எஞ்சின் நன்கு சூடேறியிருக்க வேண்டும். ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கார் சமதரையில் நிற்க வேண்டும். இம்மூன்றும் பொருந்தினால்தான் முள் சொல்வது உண்மை. ஓடும்போது அது அடிமட்டத்துக்குச் சரிந்து கிடக்கும். அதைக் கண்டு பதறி எண்ணெய் ஊற்றிய புதிய உரிமையாளர்கள் கதை ஏராளம்; மிகையான எண்ணெய் காற்று வடிகட்டிக்குள் புகுந்து பின்புறம் வெண்புகை கிளம்பிய பிறகே பாடம் புரியும். 1972ஆம் ஆண்டு மாடலில் எடைச் சமநிலைக்காகத் தொட்டியைப் பின்சக்கரத்துக்கு முன்னே கொண்டுவந்து, எண்ணெய் ஊற்றும் மூடியைக் காரின் வலப்புற உடலிலேயே வைத்தனர். பெட்ரோல் பங்க் பணியாளர்கள் அதைப் பெட்ரோல் மூடி என்று கருதி எண்ணெய்த் தொட்டிக்குள் பெட்ரோலை நிரப்பினார்கள் என்றும், அதனாலேயே அடுத்த ஆண்டு அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. கருவி துல்லியமாக இருந்தாலும் அதைச் சூழ்ந்த மனிதர்களின் பழக்கம் அதை முறியடிக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

எதிர்த்திசையில் சென்ற மரபும் உண்டு. 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் அழுத்தமானியை அகற்றிவிட்டு எச்சரிக்கை விளக்கை வைத்தது. அழுத்தம் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே போனால் விளக்கு எரியும். மற்ற நேரங்களில் மௌனம். இயந்திரப் பிரியர்கள் அதற்கு 'முட்டாள் விளக்கு' என்று பெயரிட்டார்கள். 1960களின் தொடக்கம்வரை பெட்ரோல் அளவுமானி கூட இல்லாமல் விற்கப்பட்ட ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் எண்ணெய்க்கு ஒரு விளக்கையே நம்பியிருந்தது.

அந்த ஏளனம் முழுக்க நியாயமானதன்று. பந்தய ஓட்டுநர் வளைவின் நடுவே முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சிவப்பு வெளிச்சமோ தானாகவே கண்ணில் படும். பந்தயக் கார்களில் மானியைச் சற்றுத் திருப்பிப் பொருத்தி, இயல்புநிலையில் எல்லா முட்களும் ஒரே திசையைக் காட்டும்படி செய்வதும், கூடவே பெரிய எச்சரிக்கை விளக்கு ஒன்றை வைப்பதும் பழைய வழக்கம். விளக்கு தனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறது. அதற்குமேல் தெரிந்ததாகப் பாவனை செய்வதில்லை.

பாவனை செய்யும் கருவி பின்னர்தான் வந்தது. 1989இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5, பழைய பிரித்தானியத் திறந்த கார்களின் இன்பத்தை மீட்டெடுப்பதையே நோக்கமாகக் கொண்டது. அதற்கேற்ப அதன் எண்ணெய் அழுத்தமானியும் மெய்யானது. சூடான எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது முள் தாழ்ந்தது, வேகமெடுத்தால் உயர்ந்தது. 1995ஆம் ஆண்டு மாடலில் மானியின் வடிவம் ஏறத்தாழ மாறாமல் இருக்க, அதன் பின்னால் இருந்த அழுத்த உணரி நீக்கப்பட்டு, சாதாரண விளக்குக்குரிய சுவிட்ச் ஒன்று வைக்கப்பட்டது. அழுத்தம் ஏதோ ஒரு குறைந்தபட்ச வரம்பைத் தாண்டிவிட்டால் முள் நடுவில் வந்து நிற்கும். அப்புறம் அழுத்தம் பத்தாக இருந்தாலும் அறுபதாக இருந்தாலும் முள்ளுக்கு அக்கறையில்லை. 1980களின் பிற்பகுதியிலேயே ஃபோர்டு இதே உத்தியைத் தன் வண்டிகள் சிலவற்றில் கையாண்டிருந்தது.

முள் இயல்பாக ஏறி இறங்குவதைக் கண்டு கவலையுற்ற வாடிக்கையாளர்கள் தேவையின்றிப் பணிமனைக்கு வந்தார்கள் என்பதே இம்மாற்றத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். வணிகத்தின் பார்வையில் அது புரிந்துகொள்ளத்தக்கதே. அறிவுக்கருவிகளின் வரலாற்றில் ஆர்வமுள்ளோருக்கோ இது சிறிய செய்தியன்று. விளக்கு இரண்டு நிலைகளை அறியும், இரண்டையே காட்டும். போலி மானியும் இரண்டையே அறியும். ஆனால் நூறு நிலைகளை அறிந்ததுபோல் தோற்றம் தரும். அளவுக்கோடுகளும் வட்டமும் முள்ளும் சேர்ந்து 'இங்கே அளவீடு நடக்கிறது' என்று உறுதியளிக்கின்றன. உள்ளே அளவீடு இல்லை. பேரிங் மெல்லத் தேய்வதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் சிறு சரிவு, அதாவது மானி வைப்பதன் முழுப் பயன், இதில் ஒருபோதும் தெரியாது. பழைய மாடலின் உணரியையும் மானியையும் தேடி வாங்கி மாட்டிக்கொள்ளும் எம்எக்ஸ்-5 உரிமையாளர்கள் இன்றும் இருப்பதில் வியப்பில்லை.

வெப்பமானிகளிலும் இதன் மென்மையான வடிவம் நுழைந்தது: பரந்த வெப்பநிலை எல்லை முழுவதிலும் முள் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி அமைப்பது. எனினும் விளக்கம் தருவதெல்லாம் மறைப்பதாகிவிடாது. 2000இல் வந்த பிஎம்டபிள்யூ எம்3 காரின் சுழற்சிமானியைச் சுற்றிச் சிறு விளக்குகள் இருந்தன. எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது அவை தாழ்ந்த சுழற்சியிலிருந்தே எரிந்து, எல்லையைக் குறுக்கிக் காட்டும். எண்ணெய் சூடேற ஏற ஒவ்வொன்றாக அணையும். அதே காரில் எண்ணெய் வெப்பநிலைக்குத் தனி மானியும் உண்டு. அளவும் அறிவுரையும் அருகருகே நின்றன. விரும்பியவர் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அதே நிறுவனம் 2000களின் நடுப்பகுதியில் தன் எஞ்சின்கள் பலவற்றிலிருந்து டிப்ஸ்டிக்கை எடுத்துவிட்டது. அளவை மின்னணு உணரி பார்த்துக்கொள்ளும். திரையில் பட்டைக்கோடு ஒன்று தெரியும். அந்தக் கோடு மெய்யாக இருக்க எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், கார் சமதரையில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனைகள் பழைய போர்ஷே முள்ளுக்கு இருந்தவையே. உணரி பழுதானால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு சாட்சி இல்லை என்பதே புதிது. சில ஜெர்மானிய எஞ்சின்களில் டிப்ஸ்டிக் செல்வதற்கான குழாய் மட்டும் இன்னும் இருக்கிறது. அதன் வாயில் ஒரு மூடி. அதற்குள் செருகும் அளவுகோடிட்ட கம்பியும் தயாரிக்கப்படத்தான் செய்கிறது. அது காரோடு வருவதில்லை. பணிமனையின் சிறப்புக் கருவிகளுக்கான அலமாரியில் இருக்கிறது.