தண்ணீருக்கு வாய்ப்பாடு கிடைத்த கதை

தண்ணீர் என்றால் ஹெச் டூ ஓ. பள்ளிக்கூடப் பையனைக் கேட்டாலும் சொல்வான். ஆனால் நவீன அணுக் கொள்கையைத் தந்த ஜான் டால்டன் இதை ஏற்கவில்லை. அவருக்குத் தண்ணீர் என்பது ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். அவ்வளவுதான்!

நான் படிப்பது வணிகவியல். இந்தக் கதை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், இது அடிப்படையில் ஒரு கணக்குத் தகராறு என்பதுதான்.

அணு என்ற எண்ணம் பழசு. கிரேக்கத்தில் டெமாக்ரிட்டஸ் பேசினார், இந்தியாவில் கணாதர் பேசினார். யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை. தராசை வேதியியலின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் லவாய்சியர். வினைக்கு முன்னும் பின்னும் மொத்த எடை ஒன்றுதான் என்று காட்டினார். பற்று வரவு டேலி ஆக வேண்டும் என்கிற புத்தி! (மனிதர் வரி வசூல் நிறுவனத்தில் பங்குதாரர். அதற்காகவே 1794-ல் தலையை வெட்டிவிட்டார்கள்.)

மான்செஸ்டரில் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த நெசவாளி மகன் டால்டன், 1803-ல் அணுக்களின் ஒப்பீட்டு எடைகளுக்கு முதல் பட்டியல் போட்டார். ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனி எடை, அணுவைப் பிளக்க முடியாது என்பது அவர் கொள்கை. கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த இரண்டு வாயுக்களில், அதே அளவு கார்பனுக்கு ஒன்றில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு ஆக்சிஜன் மற்றதில் இருக்கிறது. முழு முழு அணுவாகச் சேர்ந்தால்தானே இப்படி வரும்?

சிக்கல் இங்கேதான். தண்ணீரில் 1 பங்கு ஹைட்ரஜனுக்கு 8 பங்கு ஆக்சிஜன் என்று தராசு சொல்லும் (டால்டன் 1808-ல் போட்டது 7). எத்தனை அணு என்று தராசு சொல்லாது. பில்லில் மொத்தத் தொகை மட்டும் இருந்து, எத்தனை உருப்படி என்று இல்லாவிட்டால், ஒன்றின் விலையை எப்படிப் போடுவது? டால்டன் ஊகித்தார். இரண்டு தனிமங்களுக்கு ஒரே ஒரு சேர்மம்தான் தெரியும் என்றால், ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள். ஆதாரம் கிடையாது, எளிமை மட்டும்தான். அதன்படி ஆக்சிஜன் 8. உருப்படிக் கணக்கு மாறினால் 16!

உருப்படிக் கணக்கும் சீக்கிரமே கிடைத்தது. 2 கன அளவு ஹைட்ரஜன், 1 கன அளவு ஆக்சிஜன், கிடைப்பது 2 கன அளவு நீராவி என்று பிரான்சில் கே-லுசாக் காட்டினார். சம கன அளவில் சம எண்ணிக்கைத் துகள்கள் என்றால், ஒரு ஆக்சிஜன் துகள் இரண்டு நீர்த் துகள்களுக்குப் பிரிந்து போக வேண்டும். அணுவையா பிளப்பது? டால்டன் மறுத்துவிட்டார்.

1811-ல் இத்தாலியின் அவகாட்ரோ முடிச்சை அவிழ்த்தார். பிளவுபடுவது அணு இல்லை ஐயா, இரண்டு அணு சேர்ந்த மூலக்கூறு! இவர் முதலில் படித்தது சட்டம் (நமக்கும் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது). ஆனால் கேட்பார் இல்லை. ஒரே வகை அணுக்கள் ஒன்றையொன்று ஈர்க்காது என்பது அன்று பெர்சீலியஸ் போன்ற பெரியவர்களின் கருத்து.

விளைவு, ஆளுக்கொரு கணக்கு. ஒருவருக்குக் கார்பன் 6, இன்னொருவருக்கு 12. அசிட்டிக் அமிலத்துக்குப் புழக்கத்தில் இருந்த 19 வாய்ப்பாடுகளை கேகுலே தன் பாடநூலில் அடுக்கிக் காட்டினார். ஒரு அமிலத்துக்குப் பத்தொன்பது!

பொறுக்க முடியாமல் 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் வேதியியலாளர்கள் கூடினார்கள். மூன்று நாள் பேசியும் முடிவு இல்லை. கிளம்பும்போது, அவகாட்ரோ கருத்தை வைத்து அணு எடைகளைச் சீராகக் கணக்கிட்டு கன்னிசாரோ 1858-ல் எழுதிய சிறு நூலை அவர் நண்பர் பவேசி விநியோகித்தார். ஊருக்குப் போய்ப் படித்தவர்கள் ஒவ்வொருவராக மாறினார்கள். அவகாட்ரோ இறந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் 26 வயது ரஷ்ய இளைஞர் ஒருவரும் உண்டு. பெயர் மெண்டலீஃப். திருத்திய அணு எடைகளை வரிசையாக அடுக்கி 1869-ல் அவர் வெளியிட்டதுதான் தனிம அட்டவணை.