எதிர்வீட்டு சொல்தா கேட்ட கேள்வி

எதிர்வீட்டு அண்ணனுக்கு எண்பத்திரண்டு வயது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நம் ஊர் வழக்கில் சொன்னால் சொல்தா. 1962ல் அவர் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டது, எங்கள் குடும்பம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே அவர் பிரெஞ்சுக்காரர், நான் இந்தியன். நடுவில் இருப்பது பதினைந்தடித் தெரு.

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டுப் போடப் போனார். ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தல். சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்டார்: "தம்பி, 38 பட்டியல் நிக்குது. ஒண்ணுல போட்டுட்டு வந்தேன். நாம அனுப்பற ஆள் அங்க போய் பிரான்சுக்குப் பேசணுமா, எல்லா நாட்டுக்கும் சேர்த்துப் பேசணுமா? நீ படிச்சவன், சொல்லு."

படித்தது பிரெஞ்சில்தான். ஆனால் இதற்குப் பதில் எனக்குக் கிடைத்தது கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகக் கழித்த வருஷங்களில் இருந்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

கடல் தாண்டி ஒரு சபைக்கு ஆள் அனுப்புவது நம் ஊருக்குப் புதிதல்ல. பாரிஸ் தேசிய சட்டமன்றத்தில் பிரெஞ்சிந்தியாவுக்கு ஓர் இடம் இருந்தது. லம்பேர் சரவணன் போனார், அவருக்குப் பிறகு எதுவார் குபேர் போனார். வீட்டுப் பெரியவர்கள் "தெபுத்தே" என்று சொல்லும்போது குரலே மாறும். அவர்கள் போனது ஒரே நாட்டின் சபைக்கு. அண்ணன் ஓட்டுப் போட்டது வேறு மாதிரியான சபைக்கு.

அந்தச் சபை 1952 செப்டம்பரில் ஸ்த்ராஸ்பூரில் 78 பேரோடு ஆரம்பித்தது. நிலக்கரி, எஃகு சமூகத்தின் பொதுச்சபை என்று பெயர். ஆறு நாடுகள், நான்கு மொழிகள். ஏழு வருஷம் முன்புவரை ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த நாடுகளும் அதில் உண்டு. சீக்கிரத்திலேயே ஒரு வழக்கம் வந்துவிட்டது: உறுப்பினர்கள் நாடு வாரியாக உட்காருவதில்லை, கட்சிக் கொள்கை வாரியாக உட்காருவார்கள். பிரெஞ்சு சோஷலிஸ்ட் பக்கத்தில் ஜெர்மன் சோஷலிஸ்ட். இன்றைக்கு 720 பேர், 27 நாடுகள், 24 மொழிகள் என்று ஆன பிறகும் அதே ஏற்பாடுதான். யாரும் தன் மொழியில் பேசலாம். ஒருவர் ஹாஸ்யமாக ஏதாவது சொன்னால் முதலில் ஒரு மூலையில் சிரிப்பு வரும், மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் மற்ற மூலைகளில் வரும்.

மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டது 1979 ஜூனில்தான். ஒன்பது நாடுகள், 410 உறுப்பினர்கள். ஜூலை 17 அன்று கூடினார்கள். வயதில் மூத்த உறுப்பினரான 86 வயது லூயிஸ் வெய்ஸ் அம்மையார் தலைமை ஏற்றுத் தொடங்கி வைத்தார். அன்றே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சிமோன் வெய். 1944ல் நீஸ் நகரில் பக்கலோரெயா பரீட்சை எழுதிய மறுநாள் ஜெர்மானியர் கையில் பிடிபட்டு ஆஷ்விட்ஸுக்குப் போன பெண். அப்போது அவருக்குப் பதினாறு வயது. அப்பாவும் அண்ணனும் திரும்பவே இல்லை. அம்மா பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்துபோனார். அந்தப் பெண் முப்பத்தைந்து வருஷம் கழித்து, ஜெர்மனியின் 81 உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்த சபைக்குத் தலைவர்! இரண்டாம் சுற்றில்தான் ஜெயித்தார், அதுவும் சில ஓட்டுகளில்.

அவர் தலைமையில் அந்தச் சபை செய்த முதல் பெரிய காரியம் என் தொழிலைச் சேர்ந்தது. 1980ஆம் வருஷத்து பட்ஜெட்.

பட்ஜெட்டின் வரைவைத் தயாரித்து அனுப்பியது ஒன்பது அரசாங்கங்களின் மந்திரிகள் அடங்கிய கவுன்சில். பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விவசாயத்துக்கே போயிற்று. பால் பொருட்களுக்கு மானியம் கொட்டிக் கொட்டி, குளிர்கிடங்குகளில் வெண்ணெய் மலையாகச் சேர்ந்திருந்தது. இதைக் குறையுங்கள் என்று சபை கேட்டது. பட்ஜெட்டை ஆராய்ந்து அறிக்கை கொடுக்கும் பொறுப்பு பீட் டாங்கர்ட் என்ற டச்சு உறுப்பினருக்கு. கவுன்சில் இறங்கி வரவில்லை. 1979 டிசம்பர் 13 அன்று சபை முழு பட்ஜெட்டையும் தள்ளிவிட்டது. தள்ளலாம் என்று 288 ஓட்டு, வேண்டாம் என்று 64.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தள்ளியவர்களில் பலர், வரைவை அனுப்பிய மந்திரிகளின் சொந்தக் கட்சிக்காரர்கள். இங்கே நம் ஊரில் கட்சிக் கொறடா உத்தரவை மீறி ஒருவர் கை தூக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே 1976ல் எழுதிய தேர்தல் சட்டத்திலேயே போட்டிருக்கிறது: உறுப்பினர் தனி ஆளாக, தன் சொந்தப் பொறுப்பில் ஓட்டுப் போடுவார், யாருடைய உத்தரவுக்கும் கட்டுப்பட்டவர் அல்ல. ஏட்டில் எழுதுவது சுலபம். பாரிஸிலோ ரோமிலோ மந்திரி முகத்தைச் சுளித்தால் அடுத்த தேர்தலில் பட்டியலில் பெயர் இருக்குமா என்ற பயம் அவர்களுக்கும் உண்டு.

பட்ஜெட் இல்லாமல் எப்படி ஓட்டுவது? மாதா மாதம், முந்தைய வருஷ ஒதுக்கீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பிரெஞ்சில் "தூசியேம் ப்ரொவிசுவார்" என்பார்கள். முழு பட்ஜெட் தள்ளிப்போய் இடைக்காலச் செலவு அனுமதியில் மாதக்கணக்கில் ஓட்டிய புதுச்சேரி குமாஸ்தாவுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. புதிதாக ஒரு நாற்காலி வாங்க முடியாது. 1980 ஜூலையில்தான் பட்ஜெட் நிறைவேறியது.

இன்னொன்று, அதைவிடச் சின்ன விஷயம். மக்காச்சோள மாவிலிருந்து எடுக்கும் ஐசோகுளுக்கோஸ் என்ற இனிப்புப் பாகுக்கு உற்பத்தி வரம்பு விதிக்க கவுன்சில் நினைத்தது. விதிப்படி பாராளுமன்றத்தின் கருத்தைக் கேட்டு 1979 மார்ச்சில் கோப்பு அனுப்பியது. மே மாதம் பழைய சபை அதை மறுபடி குழுவுக்கு அனுப்பியது. தேர்தல் முடிந்து புதிய சபை கூடுவதற்குள், ஜூன் 25 அன்று கவுன்சில் உத்தரவையே போட்டுவிட்டது. பாகு தயாரிக்கும் கம்பெனிகள் வழக்குப் போட்டன. பாராளுமன்றமும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டது. 1980 அக்டோபர் 29 அன்று லக்சம்பர்க் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. கருத்துக் கேட்டேன் என்று சொன்னால் போதாது, கருத்து வந்திருக்கவும் வேண்டும் என்றது தீர்ப்பு.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நிதித் துறையின் சம்மதம் வரும் முன்பே அவசரம் என்று உத்தரவு அடித்தார்கள். தட்டச்சு செய்தவன் நான். தணிக்கையில் மாட்டியதும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது மேலே இருந்தவருக்கு அல்ல, எனக்கு. அதனால் இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

அப்போது அந்தச் சபைக்கு முக்கியமாக இருந்தது கருத்துச் சொல்லும் உரிமையும் பட்ஜெட்டும். 1993க்குப் பிறகு படிப்படியாகச் சட்டம் செய்வதில் கவுன்சிலுக்குச் சமமான பங்கு வந்தது. இன்றும் மசோதாவைக் கொண்டுவரும் உரிமை கமிஷனுக்கு மட்டுமே. உறுப்பினருக்கு வேலை குழுக்களில்: ஒரு மசோதாவுக்கு ஒருவர் அறிக்கையாளர். திருத்தங்களைத் தொகுத்து, மற்றக் கட்சிக்காரர்களோடு வரி வரியாகப் பேரம் பேசி, கவுன்சிலோடும் பேசி முடிக்க வேண்டும். குழுக்கள் ப்ருக்செலில், பெரிய கூட்டம் மாதம் ஒருமுறை ஸ்த்ராஸ்பூரில். காகிதப் பெட்டிகள் லாரியில் போய்த் திரும்பும். வீண் செலவு என்று திட்டாதவர் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள், பிரான்ஸ் விட்டுக்கொடுக்காது.

இதையெல்லாம் அண்ணனிடம் சொல்லி முடிக்கும்போது தெருவிளக்கு எரிந்துவிட்டது. பிரான்சில் கேட்டு ஓட்டு வாங்குகிறார், அங்கே போய் எல்லாருக்குமான சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார், இரண்டும் இடிக்கும் நாளில் அவர்தான் முடிவு செய்யணும் என்றேன். அண்ணன் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த அம்மாவுக்கு ஜெர்மன்காரனும் ஓட்டுப் போட்டானா?"

"போட்டாங்க அண்ணே. ஜெர்மன்காரங்க நிறைய இருந்த கட்சிக் குழுக்கள் ஆதரவு குடுத்துதான் ஜெயிச்சாங்க."

கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலைச் செய்தி: தேசிய சட்டமன்றத்தை மக்ரோன் கலைத்துவிட்டார், ஜூன் 30ல் தேர்தல். அண்ணன் வெள்ளைச் சட்டையை மறுபடி இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.