பொறியியலில் பெண்கள் (இந்தியா)

இந்தியப் பெண்கள் பொறியியல் பட்டம் பெறத் தொடங்கியது 1940களில். கல்லூரி அவர்களை ஏற்ற பிறகும் ஆலையின் இரவுப்பணியும் நிலத்தடிச் சுரங்கமும் பல பத்தாண்டுகள் சட்டத்தாலேயே அடைபட்டிருந்தன.

தொடக்கம்

1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியே கிண்டி பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அங்கே ஆண்களே படித்தனர். 1940இல் அ. லலிதா மின்பொறியியலில் சேர்ந்தார். 15 வயதில் மணமாகி, 18 வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர் அவர். கைம்பெண்ணை வீட்டுக்குள் முடக்கிய காலம் அது. மருத்துவரானால் குழந்தையை விட்டு நேரங்காலமின்றி ஓட வேண்டியிருக்கும் என்பதால் பொறியியலைத் தேர்ந்தார். அக்கல்லூரிப் பேராசிரியரான தந்தை பப்பு சுப்பாராவ், முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி இடம் பெற்றுத் தந்தார். அவரைத் தொடர்ந்து லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா இருவரும் அங்கே கட்டுமானப் பொறியியலில் சேர்ந்தனர். லலிதா 1943இல் பட்டம் பெற்றார்.

முன்னோடிகளின் பணி

ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்ற லலிதா, பின்னர் கல்கத்தாவில் இருந்தபடி பக்ரா நங்கல் அணையின் மின்கடத்தல் பணிகளுக்கு வடிவமைப்புகள் செய்தார். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்; நாட்டில் அப்பதவியை எட்டிய முதல் பெண் அவரே. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராஜேஸ்வரி சாட்டர்ஜி நுண்ணலைப் பொறியியலைக் கற்பித்து, ஆய்வாளர்களை உருவாக்கினார்.

சட்டத் தடைகள்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை ஆலைகளில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்தது. பாதுகாப்பின் பெயரால் வந்த இவ்விதி, ஷிப்டு முறையில் இயங்கும் ஆலைகளில் பெண் பொறியாளர்களை எடுக்காமலிருக்க வசதியான காரணமாயிற்று. இரவுப்பணித் தடையை 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் நிலத்தடியில் பெண்கள் பணிபுரிவதைத் தடை செய்திருந்தது. 2019இல்தான் அது நிபந்தனைகளுடன் தளர்ந்தது.

பரவல்

1980களின் நடுப்பகுதியிலிருந்து தமிழகத்தில் சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரும் தொலைவில் கல்லூரி அமைந்ததும், வெளியூர் விடுதிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோரும் மகள்களைச் சேர்த்தனர். அடுத்து வந்த மென்பொருள் துறை அவர்களுக்குப் பெருமளவில் வேலை தந்தது. மாவட்டத் தலைநகரங்களின் அரசுக் கல்லூரிகளும் சாதனையாளர்களை வளர்த்தன: கோவையில் படித்த ந. வளர்மதி ரிசாட்-1 செயற்கைக்கோளுக்கும், திருநெல்வேலியில் படித்த நிகர் ஷாஜி ஆதித்யா எல்-1 விண்கலத்துக்கும் திட்ட இயக்குநர்களாயினர்.

இன்றைய நிலை

ஐஐடிகளில் மாணவியர் பங்கை 20 விழுக்காடாக்க 2018இலிருந்து கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. எனினும் இயந்திரவியல் வகுப்புகளிலும் கட்டுமானத் தளங்களிலும் பெண்கள் இன்னும் குறைவே. திருமணம், மகப்பேறு, வேலை மாற்றம் ஆகியவற்றால் பாதியில் விலகுவோரும் பலர். தளத்தில் கழிப்பறையும் இரவில் பாதுகாப்பான வாகனமும் குழந்தைக் காப்பகமும் இல்லாதவரை, பட்டம் தந்ததோடு சமூகத்தின் கடமை தீர்ந்துவிடாது.